22 அங்குலச் சுவரும் என் வைஃபையும்

கோட்டையூரில் எங்கள் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கிறது, பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. முகப்பில் நின்று பார்த்தால் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமும்), அதற்குப் பின் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கதவுக்குப் பின் கதவாகப் போய், கடைசியில் தோட்டத்து வெளிச்சம் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். அந்த நேர்கோடு எனக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று 2020இல் ஊருக்கு வந்தபோது தெரியாது.

ஊரடங்கில் வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். புதுக் கருவி எது வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராத ஆள் நான். அதனால் வீட்டில் இன்டர்நெட் ஒரு பிரச்சினையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. லைன் இழுக்க வந்தவர் முகப்பிலேயே பெட்டியை மாட்டி, போனில் வேகத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முகப்பில் வேகம் அருமை. நான் உட்கார்ந்து வேலை பார்க்க நினைத்ததோ இரண்டாங்கட்டில் இருக்கிற அறை. அங்கே தெருச் சத்தம் கிடையாது, வருகிற போகிறவர்கள் கண்ணிலும் படாது. அங்கே போனைத் திறந்தால் வைஃபை ஒரு கோடு காட்டும், வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் முகம் பாதியில் உறைந்து நிற்கும்.

நான் முதலில் செய்தது ஆசைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். எட்டு ஆன்டெனா வைத்த விலை கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டு இரண்டாங்கட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அதே ஒரு கோடு. பல நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. ரவுட்டர் எத்தனை சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு, ஐந்தாயிரம் ரூபாய்க் கருவியும் ஆயிரம் ரூபாய்க் கருவியும் அந்த வரம்புக்குள்தான் நிற்க வேண்டும். அப்புறம், வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், கைக்குள் அடங்கும் போன் தன் சின்ன ஆன்டெனாவால் சொல்லும் பதில் அதன் காதில் விழுந்தாக வேண்டும். நடுவில் நிற்பதோ என் கொள்ளுத்தாத்தா கட்டிய சுவர்.

அடுத்து, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி வளவில் சொருகினேன். கோடு கூடியது, வேகம் பாதியானது. ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்றால் நேரம் இரண்டாகப் பங்கு போகிறது. அதற்குச் செலவழித்த பணத்தில் நல்ல கேபிளே வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அளந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் அளவைக் காட்டும் ஒரு செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சாக்பீஸோடு முகப்பிலிருந்து கிளம்பினேன். இந்த அளவு மைனஸில் வரும். பூஜ்ஜியத்துக்குக் கிட்டே இருக்க இருக்க நல்லது. ஒவ்வொரு பத்து குறையும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வீடியோ அழைப்பு தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67 வரைக்குமாவது வேண்டும். மைனஸ் 80 என்றால் செய்திதான் போகும், படம் போகாது.

ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 38. வளவின் முதல் தூணில் 52. வளவின் மறுகோடியில் 63. இரண்டாங்கட்டுக்குள் நுழைந்ததும் 74. அடுப்படியில் 86. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஆத்தங்குடிக் கல்லின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டே போனேன். அப்பத்தா பின்னாலேயே ஈரத்துணியோடு வந்தார்கள்.

"ஏய்யா, தரையில என்னத்தக் கணக்கு எழுதுற?"

"வைஃபை எங்கெங்க வருதுன்னு பாக்குறேன் அப்பத்தா."

அவர்கள் இரண்டாங்கட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்கள். என் போனில் 66ஆக இருந்தது 75க்கு இறங்கியது. கதவைத் திறக்கச் சொன்னேன், ஏறியது. மறுபடி சாத்தச் சொன்னேன், இறங்கியது. "அந்தக் கதவைச் சாத்துனா உனக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடைதான் மொத்த விஷயமும். எங்கள் வீட்டில் சிக்னல் சுவர் வழியாக வரவே இல்லை. முகப்பிலிருந்து தோட்டம் வரைக்கும் நேராக நிற்கிற அந்தக் கதவு வரிசை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரும்புக் குமிழ் வைத்த தடித்த தேக்குக் கதவு சாத்தியதும் அந்த வழியும் அடைபட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் இணைப்பு ஏன் தினமும் படுத்துக்கொள்கிறது என்று மூன்று மாதமாக நெட் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். ஒன்பது மணிக்குத்தான் அப்பத்தா கதவு சாத்துவார்கள்.

பிறகு டேப் எடுத்துச் சுவரை அளந்தேன், 22 அங்குலம். செங்கலும் சுண்ணாம்பும், மேலே பளிங்குபோல வழுவழுப்பான பூச்சு. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசியது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இதைத் தாண்ட மூச்சு வாங்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அநேகமாக நின்றே போகும். அலைவரிசை ஏற ஏற வேகம் கூடுகிறது, சுவரைத் துளைக்கும் திறன் குறைகிறது. மாடிக்கு ஏன் துளிகூட வரவில்லை என்பதும் அன்றைக்கே தெரிந்தது. கூடத்தின் மேல்கூரையில் பூ வேலை அச்சடித்த உலோகத் தகடு பதித்திருக்கிறது. உலோகத்தைத் தாண்டி ரேடியோ அலை போகாது. சுவரில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்பூச்சும் உலோகம்தான். பழைய வீட்டில் இருக்கும் யாராவது என்னிடம் எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் வீட்டை அளந்துவிட்டு வரச் சொல்கிறேன். செலவே இல்லாத வேலை, ஒரு மணி நேரம் போதும்.

முடிவு கேபிள்தான். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, அந்த முனையில் இன்னொரு வைஃபை பெட்டியை வைத்தால் தீர்ந்தது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், எனக்கு வேண்டியது 45. ஆனால் வீடு எனக்கு மட்டும் சொந்தம் இல்லை, ஐந்து பங்காளிகளின் பொது வீடு. சென்னையிலிருக்கும் பெரியப்பாவிடம் போனில் கேட்டேன். "என்ன வேணும்னாலும் செய்யி தம்பி, சுவத்துல மட்டும் துளை போட்றாதே" என்றார். நியாயம்தான். அந்தப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் அதே மாதிரி திரும்பப் பூச ஆள் தேட வேண்டும். அதனால் முற்றத்தைச் சுற்றி ஓட்டு விளிம்புக்கு அடியில், மழைத்தண்ணீர் போகும் தகரக் குழாயை ஒட்டியே கேபிளைக் கொண்டுபோனோம். பழைய மின்சார வயர் போகும் மரப்பட்டியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கரண்டு வயரையும் நெட் கேபிளையும் ஒன்றாகக் கட்டக் கூடாது, ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

ஐந்து மாதம் ராஜாவாக இருந்தேன். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் எங்கேயோ பக்கத்தில் இடி விழுந்தது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை, விளக்குகூட அணையவில்லை. ஆனால் கேபிளின் இந்த முனையில் ரவுட்டரின் ஒரு போர்ட்டும் அந்த முனையில் வைஃபை பெட்டியும் செத்துவிட்டன. திறந்தவெளியை ஒட்டி 45 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டிவைத்தால், மின்னல் நேராக விழ வேண்டியதே இல்லை. பக்கத்தில் அடித்தாலே கம்பியில் மின்சாரம் தூண்டப்பட்டுவிடும். இதைப் படித்திருக்கிறேன், செய்யும்போது மறந்துவிட்டேன்.

அதற்கு மாற்று ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. லோக்கல் கேபிள்காரரிடம் இழையை ஒட்டவைக்கிற மிஷின் இருக்கிறது, அவரே வந்து இரண்டு முனையையும் அரை மணியில் போட்டுக் கொடுத்தார். இழையில் வரும் ஒளியை லேன் கேபிளுக்கு ஏற்றபடி மாற்ற, இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். ஒற்றை இழையில் போக வர இரண்டும் நடப்பதால் அது ஏ, பி என்று ஜோடியாகத்தான் வரும், இரண்டும் ஏ வாங்கிவிட்டால் பேசாது. இன்னொரு முக்கியமான விஷயம். வீடுகளுக்கு இழுக்கிற ஃபைபரில் இழையோடு ஒரு எஃகுக் கம்பியும் கூடவே வரும், தாங்குவதற்காக. ஃபைபர்தானே என்று அந்தக் கம்பியைப் பெட்டி வரைக்கும் கொண்டுவந்தால் மின்னலுக்கு மறுபடியும் வழி விட்டதாகிவிடும். அதை வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொன்னேன். கம்பியே இல்லாத ரகமும் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

முகப்பிலும் இரண்டாங்கட்டிலும் இருக்கிற பெட்டிகளுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 11. 2.4இல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. நடந்துகொண்டே பேசினால் போன் தானாகப் பெட்டி மாறிக்கொள்கிறது. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஐந்து பங்காளி வீட்டாரும் வந்து வளவில் நாற்பது போன் ஒரே நேரத்தில் திறந்தபோதுகூடப் படம் ஓடியது. விருந்தாளிகளுக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபை திறந்துவிட்டிருந்தேன். ஊருக்குப் போனபின் அதை அணைத்தால் போதும், பாஸ்வேர்டு மாற்ற வேண்டியதில்லை.

இந்தக் கேபிள் வேலைக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆபத்தானது. அவசரத்துக்கு ஒரு பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக முற்றத்தின் ஓரத்தில், சார்ஜரிலேயே சொருகி, ராப்பகலாக வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் பின்மூடி பிதுங்கியது. உள்ளே பேட்டரி தலையணைபோல உப்பியிருந்தது. லித்தியம் அயான் பேட்டரிக்கு நூறு சதவீதத்திலேயே நிற்பதும் ஆகாது, சூடும் ஆகாது. சித்திரை வெயிலில் நான் அதை இரண்டிலும் வைத்திருந்தேன். காரைக்குடியில் சிக்ரி என்று நாங்கள் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது, 1953இல் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது. உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. அணைத்து, எரியாத இடத்தில் வைத்து, சர்வீஸ் கடையில் கொடுத்துவிட வேண்டும். இப்போது நாள் முழுக்கச் சொருகியிருக்கும் கருவிகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை முதல் வேலையாகப் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது அப்பத்தாவின் போன். பினாங்கில் இருக்கும் அத்தை தினமும் பேசுவார்கள். நம் ஊர் மணி ஆறரை என்றால் அங்கே ஒன்பது. அப்பத்தா விளக்கேற்றிவிட்டு வளவில் வந்து உட்காரும் நேரம். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் அழைப்பை எடுக்கத் தெரியாமல் தவறவிடுவார்கள், இல்லையென்றால் வாட்ஸப் படமே திரையிலிருந்து காணாமல் போயிருக்கும். பெரிய திரையில் புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ரவுட்டரில் செய்த அதே தப்பு. அது அவர்கள் கைக்குப் பெரிது, கனமும் கூட. ஒரு வாரம் தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் கவனித்தேன். அவர்கள் தட்டவில்லை, அழுத்துகிறார்கள். காலிங்பெல்லை அழுத்துவதுபோல நிறுத்தி, நிதானமாக. போனுக்கு அது நீண்ட அழுத்தம். படத்தைத் தூக்கி நகர்த்தச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. விரலை இழுத்ததும் படம் எங்கேயோ போகிறது. சில சமயம் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. விரல் நுனி காய்ந்து போயிருக்கிறது, தொடுதிரைக்கு விரலின் ஈரம் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

பழைய போனையே எடுத்தேன். அணுகல்தன்மை அமைப்பில் நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தை இருப்பதிலேயே அதிகமாக்கினேன். முகப்புத் திரையில் எதையும் நகர்த்த முடியாதபடி பூட்டினேன். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மலிவான தடித்த கிளாஸை உரித்துவிட்டு, தொடு உணர்வைக் கூட்டும் அமைப்பைப் போட்டேன். முதல் திரையில் நாலே நாலு முகம்: அத்தை, பெரியப்பா, அப்பா, நான். தொட்டால் நேராக அழைப்பு போகும். மற்ற செயலிகளின் சத்தத்தை எல்லாம் நிறுத்தினேன். எது அடித்தாலும் ஆள்தான் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. குரல் செய்தியைக் கேட்கப் போனைக் காதில் வைப்பார்கள், திரை கறுத்துவிடும், "அணைஞ்சுபோச்சு" என்று கையில் எடுத்துப் பார்ப்பார்கள். காதுக்குப் பக்கத்தில் போனால் திரை அணைந்து, சத்தம் காதுப்பக்கத்து ஸ்பீக்கருக்கு மாறுவது இயல்பு. அவர்களுக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "காதுல வச்சா அது கண்ண மூடிக்கும் அப்பத்தா, பேச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்று ஒரு தரம் சொன்னேன். அதோடு சரியாகிவிட்டது.

அப்பத்தாவோடு உட்காரப் பழகியதில்தான் டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. கொள்ளுத்தாத்தாவுக்குப் பர்மாவில் ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் வந்த கடிதங்கள், பேரேட்டுத் தாள்கள், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தப் பத்திரம் இரண்டு. கடைசிக் கடிதத்தின் தேதி 1941 நவம்பர். அடுத்த மாதம் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு பெட்டியில் ஒரு கடிதமும் இல்லை.

படம் எடுக்க வளவைவிட நல்ல இடம் கிடையாது. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை முற்றத்து வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் தாளின்மேல் நிழல் இல்லாமல் பரவும். ஃபிளாஷ் வேண்டாம். போனை ஒரு ஸ்டூலின் விளிம்பில் கீழே பார்க்க வைத்து, இயர்போனின் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் படம் விழும், போன் ஆடாது. ஸ்கேன் செய்யும் செயலிகளை நம்பி முதலில் இருபது கடிதம் எடுத்தேன். அவை தாளை வெள்ளையாக்கும் வேகத்தில் மங்கிய மையையும் பென்சில் குறிப்பையும் சேர்த்து அழித்துவிட்டன. சாதாரண கேமராவில் வண்ணத்திலேயே எடுங்கள், பழுப்பு பழுப்பாகவே இருக்கட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணைப் போட்டால் அவை தானாகவே கால வரிசையில் நிற்கும்.

எடுத்ததை எல்லாம் ஒரு மெமரி கார்டில் போட்டுவைத்தேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, மேலே 512 ஜிபி என்று போட்டிருந்தது. பெரியப்பா வீட்டுக் கடிதங்களையும் அந்தப் படைப்பு சமயத்தில் எடுத்து அதிலேயே சேர்த்து, போனில் இருந்ததை இடம் வேண்டும் என்று அழித்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் முதலில் போட்ட படங்கள் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு வந்தவை மேல்பாதி கடிதம், கீழ்ப்பாதி சாம்பல் நிறம். பிறகு முழுச் சாம்பல். போலிக் கார்டு. உள்ளே இருந்தது 32 ஜிபிதான், 512 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்திருந்தார்கள். நிறைந்த பிறகும் எழுதிக்கொண்டதாகவே தலையாட்டும், பிழை காட்டாது. பெரியப்பா அந்தக் கடிதங்களைச் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார். மறுபடி எடுக்க அடுத்த படைப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த வீட்டை மாற்றிவிட்டால் என்று நான் பயந்தது கொஞ்சமில்லை.

இப்போது எந்தக் கார்டு, பென் டிரைவ் வாங்கினாலும் அதில் ஒன்றும் போடுவதற்கு முன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கிறேன். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன. பெரிய கார்டு என்றால் ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும். பிரதி மூன்று வைத்திருக்கிறேன்: என் லேப்டாப்பில் ஒன்று, சென்னையில் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கூகுளில் படங்களுக்கு இருந்த அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். இன்னொன்று, இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்கள் அழித்துவிடலாம். பெரியவர்கள் பெயரில் கணக்குத் திறந்து படங்களைப் போட்டுவைத்திருப்பவர்கள் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

பெட்டியோடு சேர்ந்து ஒரு சிடியும் கிடைத்தது. சித்தப்பா ஒருவர் பல வருடம் முன்னால் தட்டச்சு செய்த வம்சாவளி. திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலம்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டியதும் ஏழு தலைமுறையும் தமிழில் வந்து நின்றது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. வீட்டில் பழைய கோப்புகள் இருந்தால் சிடி படிக்கும் டிரைவ் கிடைக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

கடிதங்களைப் படிப்பதுதான் கடினம். புள்ளி வைக்காத கையெழுத்து, சுருக்கெழுத்து, ௧ ௨ ௩ என்று தமிழ் எண்களில் தொகை. எந்த மென்பொருளும் இதை ஒழுங்காகப் படிக்கவில்லை. அப்பத்தா படிக்கிறார்கள். லேப்டாப்பில் ஒரு கடிதத்தைப் பெரிதாக்கிக் காட்டி, பக்கத்தில் அவர்களுடைய போனில் குரல் பதிவை ஓடவிடுகிறேன். நடுநடுவே நிறுத்தி, "இது நம்ம மேலவீட்டு ஐயா எழுதுனது, அவுக இப்படித்தான் 'வட்டி'ய வளைச்சு எழுதுவாக" என்பார்கள். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். கடிதத்தின் படத்துக்கு என்ன பெயரோ அதே பெயர் அந்தக் குரலுக்கும்.

போன வாரம் ஒரு பதிவை அத்தைக்கு அனுப்பினோம். அங்கிருந்து அன்றைக்கே குரல் செய்தி வந்தது. அப்பத்தா போனைக் காதில் வைத்தார்கள், திரை கறுத்தது, அப்படியே உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டார்கள்.

இன்னும் இரண்டு கட்டுக் கடிதம் பாக்கி. கார்த்திகை மழை விடட்டும், காலை வெளிச்சம் முற்றத்தில் சரியாக இறங்கும்.